ஹேரி செல் லுகேமியா: உறுதி செய்வது எப்படி, மருந்தை எப்போது தொடங்குவது?

கேள்வி இது: "அப்பாவுக்கு 54 வயது. சில மாதங்களாக அசதி, அடிக்கடி காய்ச்சல். ரத்தத்தில் மூன்று வகை அணுக்களும் குறைவு. ஸ்கேனில் மண்ணீரல் பெரிதாகத் தெரிகிறது. எலும்பு மஜ்ஜை எடுக்கப் போனால் ஊசியில் ஒன்றுமே வரவில்லை என்றார்கள். ஹேரி செல் லுகேமியாவாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். எப்படி உறுதி செய்வார்கள்? உடனே கீமோ வேண்டுமா? குணமாகுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். லுகேமியா என்ற பெயரைக் கேட்டதும் வரும் பயத்தில் பாதியை இறக்கி வைத்துவிடலாம். இது மெதுவாக நகரும் நோய். ஒழுங்காகச் சிகிச்சை பெறுகிறவர்களில் பெரும்பாலானோர் ஏறக்குறைய தங்கள் வயதொத்தவர்கள் அளவுக்கே ஆயுளோடு இருக்கிறார்கள். அடியோடு போய்விடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பல வருடம் அடங்கிக் கிடக்கும், ஒரு பகுதியினருக்குத் திரும்பும், திரும்பினாலும் மறுபடி அடக்க மருந்து உண்டு. ஆபத்து இருப்பது வேறு இடத்தில். இந்த நோயாளிகளின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் தொற்றுதான். அதனால் எந்த மருந்து என்பதைவிட, எப்போது தொடங்குவது, எப்போது பொறுப்பது என்பதுதான் பெரிய முடிவு.

நோயைப் பற்றிக் கொஞ்சம். பி லிம்போசைட் என்ற வெள்ளணு வகையில் முதிர்ந்த ஓர் அணு தறிகெட்டுப் பெருகுவதால் வருவது இது. அணுவைச் சுற்றி முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் இந்தப் பெயர். 1958இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்த்தா போரன்கிள் இதைத் தனி நோயாக விவரித்தார். லுகேமியாக்களில் சுமார் 2 சதவீதம்தான் இது. பெண்ணுக்கு ஒருவர் என்றால் ஆண்களில் நான்கு பேருக்கு வருகிறது, பெரும்பாலும் ஐம்பதுகளில். பரம்பரையாக வருவது மிக அபூர்வம், ஆகவே பிள்ளைகளுக்குப் பரிசோதனை எதுவும் தேவையில்லை.

லுகேமியா என்றால் வெள்ளணு லட்சக்கணக்கில் ஏறும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். இங்கே தலைகீழ். ஹேரி செல்கள் ரத்தத்தில் அதிகம் சுற்றுவதில்லை. மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. மஜ்ஜையில் இடத்தைப் பிடிப்பதோடு, நல்ல அணுக்களின் உற்பத்தியை அடக்கும் சில வேதிப்பொருள்களையும் சுரக்கின்றன. உற்பத்தியாகி வெளியே வரும் கொஞ்சநஞ்ச அணுக்களையும் வீங்கிய மண்ணீரல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு என மூன்று வரிசையும் இறங்குகிறது. கழுத்து, அக்குள் நிணநீர்க் கணுக்கள் பொதுவாக வீங்காது. வீங்கியிருந்தால் நோய் வேறாக இருக்குமோ என்று ஒரு முறை யோசிக்க வேண்டும்.

ஒரு வழக்கமான ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஹீமோகுளோபின் 9.2. மொத்த வெள்ளணு 2,400. அதில் நியூட்ரோபில் 28 சதவீதம், லிம்போசைட் 71 சதவீதம், மோனோசைட் 1 சதவீதம். தட்டணுக்கள் 64,000. சதவீதத்தை மட்டும் படித்தால் "லிம்போசைட் ஜாஸ்தி" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2,400இல் 28 சதவீதம் என்றால் நியூட்ரோபில் வெறும் 672. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்க்கும் படை அவ்வளவுதான். மோனோசைட் 24. மோனோசைட் கிட்டத்தட்ட இல்லாமல் போவதுதான் இந்த நோயின் பெரிய துப்பு. மூன்று அணுக்களும் குறைவு, மண்ணீரல் பெரிது, மோனோசைட் இல்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் ஹேரி செல் லுகேமியாவை நினைக்காமல் விடக்கூடாது. இதில் ஒரு பொறி உண்டு. சில தானியங்கிக் கருவிகள் ஹேரி செல்லையே மோனோசைட் என்று எண்ணிவிடும். "மோனோசைட் 30 சதவீதம்" என்று அச்சடித்து வரும் தாளை நம்பி நோயை ஒதுக்கிவிடுகிறார்கள். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து எடுக்கும் ஸ்மியரை ஒரு ஆள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தே ஆக வேண்டும்.

கண்டுபிடிக்கத் தாமதமாவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, மூன்று அணுக்களும் குறைந்ததும் பி12 ஊசியும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பது. இரண்டாவது இன்னும் மோசம்: தட்டணு குறைவை எதிர்ப்புசக்திக் கோளாறு என்று நினைத்து ஸ்டீராய்டு தொடங்குவது. ஏற்கெனவே நியூட்ரோபில் இல்லாத, மோனோசைட் இல்லாத ஒருவருக்கு ஸ்டீராய்டு கொடுப்பது தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான். மூன்று அணுக்கள் குறைந்து மண்ணீரலும் பெருத்திருந்தால், காரணம் தெரியும்வரை ஸ்டீராய்டைத் தொடாமல் இருப்பது நல்லது.

இதே முகத்தோடு வரும் வேறு நோய்களும் உண்டு. ஈரல் சுருக்கத்தால் மண்ணீரல் வீங்குவது, காலா அசார் என்ற ஒட்டுண்ணி நோய், காசநோய், மஜ்ஜை நாராக மாறும் மைலோஃபைப்ரோசிஸ், மண்ணீரலில் தொடங்கும் லிம்போமா ஆகியவை முக்கியமானவை. ஹேரி செல் நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினருக்கு மஜ்ஜை காலியாகத் தெரியும்; அவர்களை, மஜ்ஜை அணு உற்பத்தியை நிறுத்திவிடும் அப்ளாஸ்டிக் அனீமியா என்று தவறாக முத்திரை குத்திவிடும் வாய்ப்பு அதிகம். அப்ளாஸ்டிக் அனீமியாவில் மண்ணீரல் பெருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இப்போது ஸ்லைடுக்கு வருவோம். ஹேரி செல் சாதாரண லிம்போசைட்டைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு பெரிது. உட்கரு முட்டை வடிவிலோ சிறுநீரக வடிவிலோ இருக்கும். உள்ளே மென்மையாக, நியூக்ளியோலஸ் எதுவும் எடுப்பாகத் தெரியாமல் இருக்கும். சுற்றிலும் வெளிறிய நீலச்சாம்பல் நிறச் சைட்டோபிளாசம் தாராளமாக இருக்கும், அதன் விளிம்பு முழுக்க மெல்லிய நூல்கள் நீட்டியிருக்கும். விளிம்பு முழுக்க என்பது முக்கியம். மண்ணீரல் லிம்போமாவிலும் முடி உண்டு, ஆனால் அது அணுவின் ஒரு முனையில் மட்டும் குட்டையாக இருக்கும். ஸ்லைடு மெதுவாக உலர்ந்தால் சாதாரண லிம்போசைட்டுக்கும் போலி முடி முளைத்துவிடும். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் நூறு அணுவைத் தேடினாலும் இரண்டோ மூன்றோதான் அகப்படலாம். ஸ்மியரில் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

ஊசியில் மஜ்ஜை வராததற்கு எடுத்தவரைக் குறை சொல்ல வேண்டாம். ஹேரி செல்கள் மஜ்ஜைக்குள் ரெட்டிகுலின் நார்களை வலைபோலப் பின்னிவிடுகின்றன. உறிஞ்சினால் திரவம் வராது. இதுவே ஒரு துப்பு. இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து திசுத்துண்டு எடுக்கும் பயாப்ஸிதான் இங்கே வேலைக்கு ஆகும். துண்டு ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். திரவம் வராதபோது, அந்தத் துண்டையே கண்ணாடித் தகட்டில் மெல்ல ஒற்றி எடுத்தால் அணுக்களின் உருவத்தைப் பார்த்துவிடலாம். இதைச் செய்ய மறந்துபோகிற லேப்கள் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நோயியல் ரிப்போர்ட்டில் "பொரித்த முட்டை தோற்றம்" என்ற வார்த்தை வந்தால் திகைக்க வேண்டாம். நடுவில் கரு, சுற்றிலும் அகலமான வெளிர் வெளி, அணுக்கள் ஒன்றோடொன்று நெருக்காமல் இடைவெளி விட்டு நிற்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

நோயை உண்மையில் உறுதி செய்வது ஃப்ளோ சைட்டோமெட்ரி, அதாவது அணுக்களின் மேலுள்ள அடையாளப் புரதங்களை (மார்க்கர்களை) லேசர் ஒளியில் படிக்கும் சோதனை. மஜ்ஜை வரவில்லையே என்று கவலை வேண்டாம். கையிலிருந்து எடுக்கும் ரத்தமே பெரும்பாலும் போதும். ரத்தத்தில் ஹேரி செல் 1 சதவீதம் இருந்தாலும் ஃப்ளோ பிடித்துவிடும். ஆனால் லேபுக்கு எழுதும் சீட்டில் "லிம்போமா பேனல்" என்று மொட்டையாக எழுதினால் தேவையான மார்க்கர்களைப் போடாமல் விட்டுவிடலாம். "ஹேரி செல் லுகேமியா சந்தேகம்" என்று எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை நான்கு: சிடி11சி, சிடி25, சிடி103, சிடி123. நான்கில் மூன்றோ நான்கோ பாசிட்டிவாக இருந்தால் அது ஏறக்குறைய உறுதியாக ஹேரி செல். கூடவே சிடி19, சிடி20, சிடி22 பாசிட்டிவாக இருக்கும், அதிலும் சிடி20 பளிச்சென்று. சிடி5 வழக்கமாக நெகட்டிவ். பி அணுக்கள் தாங்கும் எதிர்ப்பொருளின் சங்கிலிகளான கப்பா, லாம்ப்டா இரண்டில் ஒன்று மட்டுமே இருப்பது அணுக்கள் எல்லாம் ஒரே தாயிலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று. பயாப்ஸித் துண்டில் அனெக்சின் ஏ1 என்ற சாயம் ஏறினால் இன்னும் பலம். ஆனால் அந்தச் சாயம் மஜ்ஜையின் சாதாரண மைலாய்டு அணுக்களிலும் ஏறும் என்பதால், சிகிச்சைக்குப் பிறகு மிச்சம் எவ்வளவு என்று எண்ண அது உதவாது.

அடுத்தது மரபணு. 2011இல் இத்தாலியின் பெருஜியாவைச் சேர்ந்த என்ரிக்கோ டியாச்சி, புருனெல்லோ ஃபலினி குழுவினர், பரிசோதித்த 47 ஹேரி செல் நோயாளிகள் அத்தனை பேரிடமும் பிராஃப் மரபணுவில் வி600இ என்ற ஒரே மாற்றத்தைக் கண்டார்கள். புரதத்தின் 600ஆம் இடத்தில் வேலின் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டமேட் வந்து உட்கார்ந்து, "பெருகு" என்ற சமிக்ஞையை அணைக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. இந்தச் சோதனையில் தவறு நடப்பது எங்கே என்றால் மாதிரியில்தான். மஜ்ஜை வராமல் ரத்தம் மட்டும் கலந்து வந்த மாதிரியில் ஹேரி செல் 5 சதவீதம்கூட இருக்காது. மரபணு எழுத்துகளைப் படிக்கும் பழைய சாங்கர் முறையில் பார்த்தால் சுமார் 15, 20 சதவீதத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. "மாற்றம் இல்லை" என்று வந்துவிடும். சிறு அளவையும் பிடிக்கும் நுண்ணிய பிசிஆர் முறையோ, என்ஜிஎஸ் என்ற புதுத் தலைமுறை மரபணு வாசிப்போ வேண்டும், அல்லது பயாப்ஸித் துண்டில் விஇ1 என்ற எதிர்ப்பொருள் சாயம் போட்டுப் பார்க்கலாம். நெகட்டிவ் என்று வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்த முறையில் பார்த்தீர்கள், மாதிரியில் நோயணு எத்தனை சதவீதம்?

நல்ல மாதிரியிலும் நெகட்டிவ், சிடி25உம் நெகட்டிவ், வெள்ளணு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கிறது, மோனோசைட் சரியாக இருக்கிறது என்றால், இது ஹேரி செல் அல்ல. ஹேரி செல் வேரியன்ட் என்று பல காலம் அழைக்கப்பட்ட வேறொரு நோய். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு அதன் பெயரையே மாற்றி மண்ணீரல் பி செல் நோய்களோடு சேர்த்துவிட்டது. இந்த வேறுபாட்டை விடாப்பிடியாகப் பார்ப்பதற்குக் காரணம், அதில் ஹேரி செல்லுக்கு முதல் மருந்தான கிளாட்ரிபின் என்ற கீமோவைத் தனியாகக் கொடுத்தால் முழுத் தணிவு, அதாவது நோயின் அடையாளம் தெரியாமல் அடங்குவது, கிடைப்பது அரிது. ஆரம்பத்திலேயே, சிடி20ஐக் குறிவைக்கும் எதிர்ப்பொருள் மருந்தான ரிட்டுக்ஸிமாபைச் சேர்த்தாக வேண்டும். பிராஃப் மாற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளும் அங்கே வேலை செய்யாது.

நோய் உறுதியானது. உடனே கீமோவா? எப்போதும் அல்ல. கண்டுபிடிக்கும்போது அறிகுறி இல்லாமல், அணுக்கள் ஓரளவு நன்றாக இருப்பவர்களும் உண்டு. அவர்களைச் சில மாதங்களுக்கு ஒரு முறை ரத்தம் பார்த்துக்கொண்டு காத்திருக்க வைப்பதில் தவறே இல்லை. சீக்கிரம் தொடங்கினால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. தொடங்க வேண்டிய எல்லை பொதுவாக இவை: ஹீமோகுளோபின் 11க்குக் கீழே, தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே, நியூட்ரோபில் 1,000க்குக் கீழே. மூன்றில் ஒன்று போதும். எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் மண்ணீரல் வயிற்றை அழுத்துவது, தொற்று திரும்பத் திரும்ப வருவது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவையும் காரணமாகும். ஆனால் இறங்குமுகமாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது. நியூட்ரோபில் 200க்குப் போகும்வரை பொறுத்தால் மருந்து கொடுக்கும் வாரங்கள் மிகவும் கரடுமுரடாக இருக்கும். அப்பாவுக்கு அடிக்கடி காய்ச்சல் வருவதை வைத்துப் பார்த்தால் காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அதே காய்ச்சல்தான் இன்னொரு பக்கம் கையைப் பிடித்து நிறுத்துகிறது. உடலில் தொற்று இருக்கும்போது கிளாட்ரிபின் கொடுக்கக்கூடாது. அந்த மருந்து ஏற்கெனவே குறைந்த அணுக்களைச் சில வாரங்களுக்கு இன்னும் இறக்கும். முதலில் தொற்று எது என்று கண்டுபிடிக்க வேண்டும்: ரத்தக் கல்ச்சர், நெஞ்சு சி.டி. ஸ்கேன், தேவையானால் சளியில் மைக்கோபாக்டீரியா. மோனோசைட் இல்லாததால் இவர்களுக்கு வழக்கமில்லாத கிருமிகள் வரும். காசநோயின் பங்காளிகளான மைக்கோபாக்டீரியம் கன்சாசி, ஏவியம் போன்றவை, லிஸ்டீரியா, பூஞ்சைகள். மோனோசைட்டும் நியூட்ரோபிலும் இல்லாத இடத்தில் சீழே கட்டாது, ஆகவே எக்ஸ்ரே சுத்தமாகத் தெரிந்தும் நுரையீரலில் பூஞ்சை இருக்கலாம். சி.டி.தான் சரி.

தொற்று அடங்கவில்லை, நியூட்ரோபில் ஏறினால்தான் அடங்கும், மருந்து கொடுத்தால்தான் நியூட்ரோபில் ஏறும் என்ற முட்டுச்சந்து வந்தால் வெமுராஃபெனிப் என்ற பிராஃப் தடுப்பு மாத்திரை இன்று கை கொடுக்கிறது. அது மஜ்ஜையை அடக்காமல் நோயணுவை மட்டும் தாக்குவதால் சில வாரங்களில் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். வழக்கமான அளவான தினமும் இரு வேளை 960 மி.கி.க்குப் பதில் 240 மி.கி. இரு வேளை கொடுத்தும் பலன் கண்டிருக்கிறார்கள். தொற்று தீர்ந்த பிறகு கிளாட்ரிபினுக்கு மாறிக்கொள்ளலாம். மாத்திரை கிடைக்காத இடத்தில் இன்டர்ஃபெரான் பழைய வழி. 1986இல் அமெரிக்காவில் இந்த நோய்க்காகவே அது அனுமதி பெற்றது. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அணுக்களை முதலில் தள்ளிவிட்டு ஏற்றுவது அல்ல. கர்ப்பிணிகளுக்கும் அதுதான்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டிய சோதனைகளில் ஒன்று அடிக்கடி விட்டுப்போகிறது: ஹெபடைடிஸ் பி. இப்போதைய தொற்றைக் காட்டும் எச்பிஎஸ்ஏஜி மட்டும் பார்த்தால் போதாது, பழைய தொற்றின் தடயத்தைக் காட்டும் ஆன்டி எச்பிசியும் பார்க்க வேண்டும். பழைய தொற்று உறங்கிக்கொண்டிருந்தால் ரிட்டுக்ஸிமாப் அதைத் தட்டி எழுப்பி ஈரலைப் பாழாக்கிவிடும். பாசிட்டிவ் என்றால் என்டெகாவிர் போன்ற மாத்திரையை முன்பே தொடங்கி, ரிட்டுக்ஸிமாப் முடிந்த பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும். கிரியாட்டினின், ஈரல் சோதனை, எச்ஐவி, ஹெபடைடிஸ் சி ஆகியவை வழக்கமானவை. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் ஆணும் பெண்ணும் மருந்தின்போதும் முடிந்து குறைந்தது 6 மாதமும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

கிளாட்ரிபின்தான் முதல் வரிசை மருந்து. 1990இல் கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வாளர்கள் 12 நோயாளிகளுக்கு ஒரே ஒரு ஏழு நாள் ட்ரிப்ஸ் கொடுத்து 11 பேருக்கு முழுத் தணிவு வந்ததை வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் இந்த நோயின் தலையெழுத்தே மாறியது. அளவு எடையை வைத்து. பழைய முறை: ஒரு கிலோவுக்கு 0.1 மி.கி., 24 மணி நேரமும் விடாமல் 7 நாள் ட்ரிப்ஸ். இன்னொரு முறை: கிலோவுக்கு 0.14 மி.கி., தினமும் 2 மணி நேரம் வீதம் 5 நாள். தோலுக்கடியில் ஊசியாகவும் போடலாம். 70 கிலோ ஆளுக்குக் கணக்கிட்டால் முதல் முறையில் நாளுக்கு 7 மி.கி., ஏழு நாளில் 49. இரண்டாவதில் நாளுக்கு 9.8 மி.கி., ஐந்து நாளில் அதே 49. மொத்தம் ஒன்றுதான், பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். பம்ப்பும் படுக்கையும் தேவைப்படாததால் பலர் இப்போது ஐந்து நாள் முறைக்கே போகிறார்கள். மருந்து பெரும்பாலும் ஒரு மில்லியில் 1 மி.கி. என்று வரும், அப்போது 9.8 மி.கி. என்பது 9.8 மில்லி, தோலுக்கடியில் போடும்போது இதை ஒரே இடத்தில் போடாமல் பிரித்துப் போடுவார்கள். தட்டணு 20,000, 30,000 என்று இருந்தால் ஊசி போட்ட இடம் கன்றிப்போகும், அப்போது ட்ரிப்ஸே நல்லது.

இந்த ஐந்து நாளும் பெரிய தொந்தரவு இருக்காது. வாந்தி அதிகம் இல்லை, முடி கொட்டுவது அரிது. கஷ்டம் பிறகு வரும். முடிந்த ஒன்றிரண்டு வாரங்களில் அணுக்கள் பாதாளத்துக்குப் போகும், பாதிப் பேருக்கு நெருக்கமாகக் காய்ச்சல் வரும். பல நேரம் கல்ச்சரில் ஒன்றும் வராது. செத்த அணுக்களிலிருந்து வெளிப்படும் பொருள்களாலும் காய்ச்சல் வரும். ஆனால் அது எந்தக் காய்ச்சல் என்று வீட்டில் யாரும் தீர்மானிக்கக் கூடாது. 38 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் பாரசிட்டமால் போட்டு மறைக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். நியூட்ரோபிலை ஏற்றும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி எல்லோருக்கும் வழக்கமாகத் தேவையில்லை: அது எண்ணிக்கையைச் சில நாள் முன்னதாக ஏற்றினாலும் காய்ச்சலையோ அட்மிஷனையோ குறைக்கவில்லை என்று கண்டிருக்கிறார்கள். கடும் தொற்று இருப்பவருக்கு அது தனி விஷயம்.

தோலில் தடிப்பு வருவதும் இந்த நோயாளிகளுக்கு அதிகம். பெரும்பாலும் குற்றவாளி கிளாட்ரிபின் அல்ல, கூடவே கொடுத்த அலோப்யூரினாலும் கோட்ரைமாக்சசோலும். யூரிக் அமிலம் ஏறும் அபாயம் இங்கே குறைவு, ஆகவே அலோப்யூரினாலைப் பழக்கதோஷத்தில் எழுத வேண்டியதில்லை. நிமோசிஸ்டிஸ் நிமோனியா வராமல் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் வேண்டும், ஆனால் அதைக் கிளாட்ரிபின் நாட்களிலேயே தொடங்காமல் ஒரு வாரம் தள்ளித் தொடங்கினால், தடிப்பு வந்தாலும் எதனால் என்று குழம்ப வேண்டியிருக்காது. அக்கி வராமலிருக்க அசைக்ளோவிர் 400 மி.கி. இரு வேளை. சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 200ஐத் தாண்டும்வரை இரண்டும் தொடரும்; அதற்குப் பல மாதம் ஆகலாம். மருந்து முடிந்துவிட்டதே என்று மூன்றாம் மாதமே நிறுத்திவிடுவது அக்கியில் கொண்டுபோய் விடும்.

மீட்சிக்கு ஒரு வரிசை உண்டு. தட்டணு முதலில் ஏறும், உத்தேசமாக 2 வாரத்தில். நியூட்ரோபில் 5 வாரம். ஹீமோகுளோபின் 8 வாரம். இந்த இடைவெளியில் பதறிப்போய்ச் செய்யும் பெரிய தவறு, ஆறாவது எட்டாவது வாரத்தில் மஜ்ஜையைப் பார்த்து "இன்னும் ஹேரி செல் இருக்கிறது" என்று இரண்டாவது சுற்று கொடுப்பது. கிளாட்ரிபினின் வேலை மாதக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். பலனைப் பார்க்க 4 முதல் 6 மாதம் கழித்துத்தான் பயாப்ஸி. அதற்குமுன் அணுக்கள் ஏறுமுகமாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே சிகிச்சை.

பென்டோஸ்டாட்டின் இன்னொரு நல்ல மருந்து. உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 4 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முழுத் தணிவு வரும்வரை, பிறகு ஒன்றிரண்டு டோஸ் கூடுதலாக. உடற்பரப்பு 1.8 என்றால் 7.2 மி.கி. ஒவ்வொரு முறையும் ட்ரிப்ஸில் நீர் ஏற்றி, கிரியாட்டினின் பார்த்துத்தான் போட வேண்டும். சிறுநீரக வடிகட்டல் 60க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள். பலன் கிளாட்ரிபினுக்கு நிகர். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதால், தாங்குவாரா என்று சந்தேகமுள்ளவருக்கு இதை நிறுத்தி நிதானித்துக் கொண்டுபோகலாம் என்பது அனுகூலம். ஆஸ்பத்திரிக்குப் பல முறை அலைய வேண்டும் என்பது தொல்லை.

கிளாட்ரிபினோடு ரிட்டுக்ஸிமாப் சேர்ப்பதா? 2020இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். 68 பேர். ஒரு பாதிக்குக் கிளாட்ரிபினோடு முதல் நாளிலிருந்தே வாரம் ஒன்று வீதம் 8 ரிட்டுக்ஸிமாப், ஒவ்வொன்றும் சதுர மீட்டருக்கு 375 மி.கி.; மறு பாதிக்குக் கிளாட்ரிபின் மட்டும், மிச்சம் தெரிந்தால் குறைந்தது 6 மாதம் கழித்து ரிட்டுக்ஸிமாப். ஆறாவது மாதத்தில் எண்ணிப் பார்க்கக்கூடிய மிச்சநோய்கூட இல்லாத முழுத் தணிவு முதல் பாதியில் 97 சதவீதம், இரண்டாவதில் 24 சதவீதம். வித்தியாசம் பிரமாண்டம்தான். ஆனால் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குத் தட்டணு கடுமையாக இறங்கி, ஏற்றிக்கொள்ள வேண்டிவந்தது அதிகம். மிச்சநோய் இல்லாமல் போனால் நீண்ட நாள் திரும்பாமலிருக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் ஆயுள் கூடுகிறதா என்பது வேறு கேள்வி, ஏனென்றால் தனியாகக் கிளாட்ரிபின் வாங்கியவர்களும் நன்றாகவே இருக்கிறார்கள். ஐம்பதுகளில் இருக்கும், தொற்று இல்லாத, தட்டணு மிகவும் சரிந்துவிடாத ஒருவருக்குச் சேர்த்துக் கொடுப்பதே என் தேர்வு. தட்டணு மிகக் குறைவு, அல்லது ரத்தத்தில் ஹேரி செல் அதிகம் என்றால் ரிட்டுக்ஸிமாபைத் தள்ளிப்போடலாம். சுற்றும் அணுக்கள் அதிகமிருக்கும்போது முதல் டோஸில் குளிர், நடுக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது கடுமையாக வரும்.

மண்ணீரலை எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். ஒரு காலத்தில் அதுதான் சிகிச்சை. இன்று மண்ணீரல் வெடித்தால் தவிர, அல்லது வேறு எதுவும் கேட்காவிட்டால் தவிர, தேவையில்லை, மருந்திலேயே சுருங்கிவிடும். சுருங்கும்வரை வயிற்றில் அடிபடும் விளையாட்டு, பாரம் தூக்குவது வேண்டாம். இடது விலா அடியில் திடீர் வலி, தோள்பட்டை வரை இழுத்தால் உடனே ஸ்கேன்.

முழுத் தணிவு என்று சொல்ல: ஹீமோகுளோபின் 11க்கு மேல், தட்டணு ஒரு லட்சத்துக்கு மேல், நியூட்ரோபில் 1,500க்கு மேல், இவை ரத்தம் ஏற்றாமலும் ஊசியில்லாமலும், மண்ணீரல் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும், ரத்தத்திலும் மஜ்ஜையிலும் ஹேரி செல் கண்ணுக்குப் படக்கூடாது. அதன் பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் மஜ்ஜை எடுக்க வேண்டியதில்லை. ஃப்ளோவில் துளி மிச்சம் தெரிகிறது என்பதற்காக மட்டும் மருந்து தொடங்குவதும் வழக்கமில்லை. அணுக்கள் இறங்கத் தொடங்கினால்தான்.

திரும்பினால் எத்தனை வருடம் கழித்துத் திரும்பியது என்பதே அடுத்த மருந்தைத் தீர்மானிக்கிறது. ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அதே கிளாட்ரிபினை ரிட்டுக்ஸிமாபோடு மறுபடி கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் முதலில் நோய் சரியாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டதா என்று ஃப்ளோவையும் பிராஃபையும் மறுபடி பாருங்கள். ஹேரி செல்தான் என்றால் வெமுராஃபெனிபோடு ரிட்டுக்ஸிமாப்: 2021இல் இத்தாலியர்கள் வெளியிட்ட ஆய்வில், பல மருந்து பார்த்துத் திரும்பிய 30 பேரில் 26 பேருக்கு முழுத் தணிவு, அதுவும் 8 வாரம் மாத்திரையும் 8 டோஸ் ரிட்டுக்ஸிமாபும் கொடுத்து. வெமுராஃபெனிபைத் தனியாகக் கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பலன் தெரியும், ஆனால் நிறுத்தியதும் சீக்கிரம் திரும்பும். மாத்திரை சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், மூட்டு வலிக்கும், தோலில் மரு, சில நேரம் தோல் புற்று முளைக்கும். இதயத் துடிப்பைப் பதியும் ஈசிஜியில் கியூடி என்ற இடைவெளி நீளும் என்பதால் கூட என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற பட்டியல் டாக்டரிடம் இருக்க வேண்டும். டாப்ராஃபெனிப் 150 மி.கி. இரு வேளையோடு ட்ராமெடினிப் 2 மி.கி. ஒரு வேளை என்பது இன்னொரு ஜோடி. மாக்சிடுமோமாப் என்ற ஊசி 2018இல் வந்தது, இப்போது விற்பனையில் இல்லை. பழைய கட்டுரைகளில் அதைப் படித்துவிட்டுத் தேட வேண்டாம்.

தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி வகை வேண்டாம். ஃப்ளு, நிமோகாக்கஸ், அக்கிக்கான உயிரற்ற வகை ஆகியவற்றை முடிந்தால் மருந்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ரிட்டுக்ஸிமாப் முடிந்து 6 மாதத்துக்குள் போட்டால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காது, ஊசி வீண்.

இறுதியாக ஒரு காகித வேலை. கிளாட்ரிபினோ பென்டோஸ்டாட்டினோ ஒரு முறை வாங்கியவருக்குப் பிற்காலத்தில் எந்த ஆஸ்பத்திரியில் எதற்காக ரத்தம் ஏற்றினாலும் கதிரியக்கம் பாய்ச்சிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றிய ரத்தத்திலுள்ள லிம்போசைட்டுகள் உடலையே தாக்கும் அபாயம் உண்டு. அரிது, வந்தால் பிழைப்பது கடினம். எலும்பு முறிவுக்கோ குடல் அறுவைக்கோ போகும் இடத்தில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். மருந்தின் பெயர், தேதி, மொத்த அளவு, "கதிரியக்கம் பாய்ச்சிய ரத்தம் மட்டும்" என்ற வரி, இவ்வளவையும் ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் பர்ஸில் வைத்துவிடுங்கள். நகலை நீங்களும் போனில் வைத்திருங்கள்.